கீபோர்டும் திரையும் வீட்டில் துடைப்பது எப்படி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். ஆறு மேசைக் கம்ப்யூட்டர், இரண்டு லப்டொப். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார், மேல்மாடி ஐயா, சொந்தக்காரர் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கிற ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததில் அழுக்கால் கெட்ட மெஷின் குறைவு, துடைக்கப் போய்க் கெட்டதுதான் கூட. அதனால் எந்தத் திரவமானாலும் துணியில் விடுங்கள், மெஷினில் விடாதீர்கள்.

மிஸ், கிழமைக்கு ஒருக்காத் துடைச்சால் காணுமோ?

திரைக்குக் காணும். அதுவும் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாக ஒரு தரம் துடைத்தால் போதும், ஈரத் துணி மாதம் ஒரு தரம் போதும். கீபோர்டைக் கிழமைக்கு ஒரு தரம் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, மாதம் ஒரு தரம் ஒழுங்காகத் துடையுங்கள்.

மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்து யன்னல் திறந்திருக்கிற வீடென்றால் கணக்கு மாறும். கடல் காற்றில் வருகிற உப்பு திரையில் மெல்லிய படலமாகப் படிகிறது, விரலால் தொட்டால் சாடையாக ஒட்டும். அதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் அந்தத் துகளே கீறிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் கிழமைக்கு ஒரு தரம் ஈரத் துணிதான் சரி. காலி வீதிப் பக்கம் உப்பு கொஞ்சம் குறைவு, அதற்குப் பதில் வாகனப் புகைக் கரி.

ஓஃப் பண்ணாமத் துடைச்சா ஷொக் அடிக்குமா?

லப்டொப்பில் பயம் அது இல்லை. சார்ஜரிலிருந்து உள்ளே போவது பெரும்பாலும் 20 வோல்ட் அளவுதான். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே ஷோர்ட் ஆகலாம், தாமிரக் கோடுகள் அரிக்கும், அதற்காகத்தான் நிறுத்தச் சொல்கிறோம். அதோடு, துடைக்கும்போது எந்தக் கீ அமுங்கியது என்றே தெரியாது. ஒரு பிள்ளையின் பாதி எழுதிய ஒப்படை அப்படி அழிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்லீப்பில் போடுவதும் காணாது, முழுதாக ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். மேசை மொனிட்டரில் பலவற்றுக்கு 230 வோல்ட் நேராக உள்ளேயே போகிறது, அதன் பிளக்கைக் கட்டாயம் கழற்ற வேண்டும்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. கறுத்த திரையில்தான் விரல் அடையாளம் எல்லாம் தெரியும். சூடான திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து கோடு விழும், அதனால் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய பெனியன் துணி காணாதா? பேப்பரால துடைச்சா நல்லா மினுங்குமே!

பேப்பரால் துடைத்தது பழைய பெட்டி டிவி காலத்தில். அதன் முகம் தடித்த கண்ணாடி, எதைப் போட்டுத் தேய்த்தாலும் தாங்கும். இப்போதைய மொனிட்டரில் நீங்கள் தொடுகிற மேல்தோல் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்கு மேல் வெளிச்சம் அடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. பேப்பரும் டிஷ்யூவும் மரநாரில் செய்தவை. அவற்றால் தேய்த்தால் கீறல் உடனே கண்ணுக்குத் தெரியாது, ஒரு வருடம் கழித்துத்தான் வெயில் படும்போது வட்ட வட்டமாகத் தெரியும்.

நன்றாகத் தோய்த்து மெலிந்துபோன பருத்தித் துணி கீபோர்டுக்கு நல்லது. தையலோ அச்சடித்த படமோ இருக்கிற பகுதியை வெட்டிவிடுங்கள். திரைக்கு மைக்ரோஃபைபர்தான். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியோடு தரும் சின்னத் துணியே போதும். அதைச் சவர்க்காரத்தில் தோய்க்கலாம், ஆனால் உடுப்பை மிருதுவாக்கும் திரவம் போடக் கூடாது, அது நாரின் மேல் படிந்து பிறகு திரையில் எண்ணெய்க் கோடாக வரும். காயப்போடுவதும் வீட்டுக்குள்ளேயே. வீதிப் பக்கம் பல்கனியில் போட்டால் அத்தனை கரியும் துணியில்.

யன்னல் துடைக்கிற கிளாஸ் கிளீனர் அடிக்கலாமா அக்கா?

வேண்டாம். இரண்டு காரணம். யன்னல் திரவம் பலவற்றில் அமோனியா இருக்கும், அது திரைப் பூச்சை மங்கச் செய்யும். இரண்டாவது காரணம் அந்த ஸ்பிரே.

வகுப்புத் தொடங்கிய முதல் வருடம், வீட்டில் உதவிக்கு வந்த பிள்ளை நல்லெண்ணத்தோடு ஒரு மொனிட்டரில் நேராக அடித்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு சொட்டாகி, கீழ்ச் சட்டம் வரை ஓடிப்போய், திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளியில் மறைந்தது. அடுத்த நாள் காலையில் கீழ் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. திரைக்குப் படம் அனுப்புகிற மெல்லிய இணைப்புகள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. திருத்தக் கேட்டபோது புது மொனிட்டர் வாங்குகிற விலை சொன்னார்கள். தண்ணீராக இருந்தாலும் அதே கதிதான். மேலே முதலிலேயே துணியில் விடச் சொன்னது இதனால்தான்.

வினாகிரி, சவரக் குழம்பு, குழந்தைப் பிள்ளைக்கான ஈரத்தாள், கீறலுக்குப் பற்பசை என்று கேட்பவர்களுக்கும் பதில் வேண்டாம் என்பதுதான்.

பைப் தண்ணி பாவிக்கலாமோ, இல்லாட்டி விசேஷமா ஏதும் வாங்க வேணுமோ?

கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி ஆற்றிலிருந்து வருவது, சுண்ணாம்பு அதிகம் இல்லை. துணியை நனைத்துப் பிழிய அது போதும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் வேறு, அங்கே நிலமே சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே வெள்ளை திரையிலும் புள்ளி புள்ளியாகக் காயும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் லப்டொப் துடைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

காய்ச்சி வடித்த தண்ணீர் எல்லா இடத்துக்கும் பொருந்தும். பெற்றோல் செட்டில் வாகன பற்றரிக்கு விற்கிற போத்தல்தான். லேபிளை வாசித்து வாங்குங்கள், பற்றரி அசிட் அதே மாதிரிப் போத்தலில் வரலாம். துணி எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்றால், இறுக்கிப் பிழிந்த பிறகு உள்ளங்கையில் அமத்தினால் கை குளிர வேண்டும், நனையக் கூடாது.

பாமசியில ஸ்பிரிட் கேட்டு வாங்கினன், அது சரிதானே?

பெரும்பாலும் அவர்கள் தந்திருப்பது சேர்ஜிக்கல் ஸ்பிரிட். அது தோலில் பூசுவதற்கு. அதில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருக்கும், காய்ந்த பிறகு அந்த எண்ணெய் அப்படியே நிற்கும். கீபோர்ட் பிசுபிசுக்கும், அடுத்த நாளே தூசு இரண்டு மடங்காக ஒட்டும். கை சுத்தம் செய்யும் திரவமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே கை காயாமல் இருக்கக் கிளிசரின் 1.45 வீதம் சேர்க்கிறார்கள். கைக்கு நல்லது, கீக்கு ஆகாது.

கேட்க வேண்டிய பெயர் ஐசோபுரொப்பைல் அல்ககோல், 70 வீதம். 99 வீதம்தான் கிடைத்தால் ஏழு பங்குக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலவுங்கள். கிருமியைக் கொல்ல 70 தான் கூடுதல் நல்லது, தண்ணீர் இருப்பதால் உடனே பறந்துபோகாமல் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நிற்கிறது. கொரோனா உலகெங்கும் பரவிய 2020 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனமும் தன் திரைகளையும் கீபோர்டுகளையும் 70 வீத ஐசோபுரொப்பைல் ஈரத்தாளால் மெதுவாகத் துடைக்கலாம், பிளீச் மட்டும் கூடாது என்று அறிவித்தது. ஆனாலும் மினுங்காத (மட்) பூச்சு உள்ள மொனிட்டருக்கு நான் முதலில் தண்ணீரைத்தான் பாவிப்பேன், எண்ணெய்க் கறை போகாத இடத்துக்கு மட்டும் இது. தீப்பிடிக்கும் பொருள், சாமி விளக்கு எரிகிற அறையில் போத்தலைத் திறக்காதீர்கள்.

சரி, கீபோர்டை எப்பிடித்தான் துடைக்கிறது? ஒழுங்காச் சொல்லுங்கோ.

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, ஒரு பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் தலைகீழாகப் பிடித்து முதுகில் உள்ளங்கையால் தட்டுங்கள். முதல் தடவை செய்கிறவர்கள் அதில் விழுவதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். பட்டிஸ் தூள், மிக்சர் கடலைத் தோல், அழிறப்பர் உருளை, தலைமயிர், நகத் துண்டு. வகுப்புக் கீபோர்ட் ஒன்றிலிருந்து ஒரு முழுப் பச்சரிசி விழுந்தது, என்டர் கீ ஒரு மாதமாக அரைவாசிதான் அமுங்கியதற்குக் காரணம் அதுதான்.

பிறகு காய்ந்த பெயின்ற் பிரஷ், அரை அங்குல அகலம் காணும். கீ வரிசைகளுக்கு நடுவே ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் தூசு உள்ளே இறங்கும். அதற்குப் பிறகுதான் ஈரம். பஞ்சுக் குச்சியில் அல்ககோல் தொட்டு, விரலில் அமத்திப் பிழிந்துவிட்டு, ஒவ்வொரு கீயின் நாலு பக்கமும் துடையுங்கள். கீயின் மேல்பக்கத்துக்குத் துணி. சின்ன வேலைதான், ஆனால் அவசரமாகச் செய்தால் ஈரம் கூடிவிடும். ஒரு கீபோர்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், முடித்து அரை மணித்தியாலம் காற்றாட வையுங்கள்.

கீயெல்லாம் கழட்டிக் கழுவலாமா மிஸ்?

எந்தக் கீபோர்ட் என்பதில் இருக்கிறது. உயரமான கீ உள்ள மெக்கானிக்கல் கீபோர்டில் தாராளமாகக் கழற்றலாம், அதற்கென்றே கம்பிக் கொக்கி வருகிறது. முதலில் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், எந்தக் கீ எங்கே என்று பிறகு யோசிக்க வேண்டி வரும். மூடிகளை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கோப்பை கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்துக் கழுவி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்த மாதிரித் தெரியும், மூடியின் உள் குழியில் தண்ணீர் நிற்கும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் மூன்றுக்கும் அடியில் சமநிலைக் கம்பி இருப்பதால் நேராகத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பக் கூடாது.

லப்டொப்பில் கழற்றாதீர்கள். அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும், அதன் காது அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அது உடைந்தால் பல மொடல்களில் முழுக் கீபோர்டையே மாற்ற வேண்டி வரும்.

காத்து டின் அடிக்கலாமோ? வீட்ட வக்யூம் கிளீனரும் இருக்கு.

காற்று டின், அதாவது தூசை ஊதித் தள்ளும் ஸ்பிரே டின், நல்லது. நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் உள்ளே இருக்கிற திரவம் காற்றாகாமல் அப்படியே வந்து வெள்ளையாக உறைந்து நிற்கும். ஒரு தரத்துக்கு ஒரு வினாடி, இடைவிட்டு அடியுங்கள். 2015 தொடக்கம் 2019 வரை வந்த, பட்டர்ஃப்ளை என்ற மெல்லிய வகைக் கீ உள்ள மேக்புக் லப்டொப்புகளை 75 பாகை சாய்த்துப் பிடித்து இடமிருந்து வலமாக அடிக்கச் சொல்லி ஆப்பிள் தனியாக வழிகாட்டியது, அந்தக் கீக்கு ஒரு தூசே போதும் சிக்கிக்கொள்ள.

வக்யூம் கிளீனரின் குழாய் முனையில் நிலைமின் சேரும், தளர்ந்த கீயையும் இழுத்துக்கொள்ளும். தள்ளிப் பிடிக்கலாம், முனையை முட்டவிட வேண்டாம். ஹெயார் டிரையர் சூடு கீ மூடியை வளைக்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும்.

என்ர கீபோர்டில தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. துடைச்சால் போயிடுமே?

போகும். அல்ககோல் பசையைக் கரைக்கும், முதலில் ஓரம் எழும்பும், அந்த ஓரத்தில் அழுக்குச் சேர்ந்து கறுப்புச் சட்டமாக நிற்கும். ஸ்டிக்கர் உள்ள கீக்குத் தண்ணீரில் பிழிந்த துணி மட்டும் பாவியுங்கள், ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள்.

பாமினியோ ரெங்கநாதனோ, எந்தத் தமிழ்த் தட்டச்சு முறையானாலும் விரலுக்குப் பழகியவர்களுக்கு ஸ்டிக்கர் தேவையே இல்லை. பழகாத பிள்ளைகளுக்கு எழுத்து முக்கியம், ஆகவே வருடத்துக்கு ஒரு தரம் பழையதைக் கழற்றி, அப்போது அல்ககோலால் பசையை முழுதாக எடுத்து, காயவைத்துப் புதிதாக ஒட்டுவதுதான் நான் செய்வது.

எவ்வளவு துடைச்சாலும் சில கீ எண்ணெய் பூசின மாதிரி மினுங்குது!

அது அழுக்கு இல்லை, தேய்மானம். மூடிகள் பல ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், விரல் பட்டுப் பட்டுச் சொரசொரப்புப் போய் வழுவழுப்பாகிவிடும். நீங்கள் தேய்க்கத் தேய்க்க இன்னும் மினுங்கும், எழுத்தும் போகும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனை மட்டும் தொடாதீர்கள், ஏபிஎஸ் அதில் கரையும்.

ஐயோ மிஸ், லப்டொப்பில பால்தேத்தண்ணி ஊத்துப்பட்டுட்டுது, என்ன செய்யிற?

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை நிறுத்தும் வரை, பத்து வினாடி அளவு, அமத்திப் பிடியுங்கள். எழுதினதைச் சேமிக்க என்று நிற்காதீர்கள். பிறகு திறந்தபடியே கவிழ்த்து, மேசையில் கூடாரம் மாதிரி வைத்து, அடியில் ஒரு துவாய். பற்றரி கழற்றக்கூடியதென்றால் கழற்றுங்கள். குலுக்க வேண்டாம், குலுக்கினால் காய்ந்திருந்த இடத்துக்கும் பரவும். ஃபேன் காற்றில் விடுங்கள்.

அரிசிக்குள் போடச் சொல்வார்கள். அரிசி இழுக்கிற ஈரம் திறந்த காற்றை விடக் கூட இல்லை, மாவும் தூசும்தான் துவாரத்துக்குள் போகும். நனைந்த ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது.

வெறும் தண்ணீரென்றால் 48 மணித்தியாலம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம். தேத்தண்ணியில் சீனியும் பாலும் இருக்கிறது. தண்ணீர் பறந்தாலும் அவை உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையில் ஒட்டி நிற்கும், நம் ஈரக் காற்றில் மறுபடி மறுபடி ஈரமாகி தாமிரத்தை அரிக்கும். இரண்டு கிழமை நன்றாக வேலை செய்து பிறகு செத்துப்போகிற லப்டொப் எல்லாம் இந்த வகை. அதனால் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு திருத்துநரிடம் கொடுத்து, திறந்து, 99 வீத அல்ககோலால் பலகையைக் கழுவச் சொல்லுங்கள். என்ன ஊற்றுப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் தேட வேண்டிய இடம் தெரியாமல் போகும்.

கீபோர்டுக்குள்ள எறும்பு. பூச்சி மருந்து அடிக்கவா?

அடிக்காதீர்கள், அதில் இருக்கிற எண்ணெயும் கரைப்பானும் பிளாஸ்டிக்கை மங்கவைக்கும். எறும்பு வந்தால் உள்ளே சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன தட்டும் வேலையை வெளியே வாசலில் வைத்துச் செய்யுங்கள், பிறகு அல்ககோல் துடைப்பு, அது எறும்பு போட்ட வழித்தடத்தையும் அழிக்கும். மேசையைச் சுவரிலிருந்து தள்ளி, அதன் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வையுங்கள், சாப்பாடு வைக்கிற மீட்சேஃப் அலுமாரிக்குச் செய்கிற அதே வேலைதான்.

திரைக்குள்ளே ஒரு புள்ளி நடப்பதைக் கண்டால் விரலால் அமத்தவே கூடாது. எனக்கும் கை தானாகப் போயிருக்கிறது. நசுங்கினால் அந்தச் சின்னப் பிணம் அங்கேயே இருக்கும், எந்தத் துணியும் எட்டாது. திரையை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, சட்டத்துக்கு வெளியே பக்கத்தில் ஒரு மேசை விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தைத் தேடி உள்ளே போனது, வெளிச்சத்தைத் தேடி வெளியே வர வாய்ப்பிருக்கிறது.

லப்டொப் திரையில கீ கீயா கட்டம் கட்டமா அடையாளம் விழுது, ஏன்?

மூடும்போது கீ திரையில் முட்டுகிறது, கீயில் இருக்கிற விரல் எண்ணெய் அச்சாக விழுகிறது. திரையை ஈரத் துணியால் துடைத்தால் போகும், ஆனால் கீயைத் துடைக்காவிட்டால் நாளைக்கும் வரும். துடைத்தும் போகாத கோடென்றால் அது கீறல். 138 அல்லது 155 பஸ்ஸில் நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறவர்களின் லப்டொப்பில் இதைக் கூடக் கண்டிருக்கிறேன். பைக்குள் லப்டொப்பின் மேல் சாப்பாட்டுப் பெட்டி வைக்காதீர்கள்.

சிலிக்கன் கவர் போட்டால் தூசு வராதுதான், ஆனால் மூடும்போது அதன் தடிப்பே திரையை அமத்தும், கீ வழியாகச் சூடு போகிற மொடல்களில் சூடும் அடைபடும். கவர் போடுவதென்றால் மூடுமுன் எடுத்துவிடுங்கள், கிழமைக்கு ஒரு தரம் கழுவிக் காயவையுங்கள்.

பழைய மவுஸ் கையில ஒட்டுதே, துடைக்கத் துடைக்கக் கூடுது.

அது அழுக்கு ஒட்டியதில்லை. மேலே பூசியிருந்த றப்பர் மாதிரிப் பூச்சு காற்றின் ஈரத்தில் சிதைந்து பசையாகிவிட்டது, அலுமாரிக்குள் பாவிக்காமல் வைத்ததற்கும் வரும். சவர்க்காரத் தண்ணீர் பலிக்காது. 99 வீத ஐசோபுரொப்பைல் தொட்ட துணியால் பொறுமையாக உரசினால் பூச்சு முழுதும் கறுப்பாகக் கழன்று வரும், அடியில் நல்ல பிளாஸ்டிக் இருக்கும். நிறம் மாறும், பாவிக்கலாம்.

எல்லாம் செய்தும் திரையில ஒரு புள்ளி போகவே இல்லை மிஸ்.

திரையை நிறுத்தி, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெளியே இருக்கிற கறையென்றால் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பித் தெரியும், மேலே சொன்னபடி துடைத்தால் போகும். டோர்ச்சுக்குத் தெரியாமல், திரை எரியும்போது மட்டும் தெரிந்தால் அது உள்ளே. மிகச் சின்னதாக, ஓரம் கூராக, எப்போதும் ஒரே கறுப்பு அல்லது ஒரே நிறமென்றால் செத்த அல்லது சிக்கிய பிக்சல், அதாவது திரைப் படத்தை ஆக்கும் சின்னப் புள்ளிகளில் ஒன்று கெட்டது. ஓரம் கலங்கி, வெள்ளைத் திரையில் நிழலாகத் தெரிந்தால் உள்ளே போன தூசு, அல்லது எங்கேயோ அமத்தின தடம்.

உள்ளே இருப்பதைத் துடைத்து எடுக்க முடியாது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் போகுமோ என்று மனம் சொல்லும் நேரம்தான் ஒரு புள்ளி ஐந்து புள்ளியாவது. உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் ரசீதோடு வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள், காலம் முடிந்ததென்றால் அப்படியே பாவியுங்கள்.